கோப்பும் நூலடுக்கும்: முதலாண்டு மாணவர்களுக்கான ஒரு பயிற்சி வகுப்பைப் பற்றிய மதிப்புரை

பயிற்சியின் இரண்டாம் நாளில், "நேற்று நீங்கள் தட்டச்சு செய்த பத்தி இந்தக் கணினியில் எங்கே இருக்கிறது?" என்று பயிற்றுநர் கேட்டார். முன்வரிசையில் இருந்த மாணவர் சிறிதும் தயங்காமல் "வேர்டில் இருக்கிறது, சார்" என்று விடை சொன்னார். யாரும் சிரிக்கவில்லை, அந்த விடையில் சிரிக்க என்ன இருக்கிறது என்பது அங்கிருந்தவர்களில் பெரும்பாலோருக்குத் தெரியவில்லை. பயிற்றுநரும் "சரி" என்று சொல்லிவிட்டு அடுத்த படத்துக்குப் போய்விட்டார். ஆறு வாரம் நடந்த இந்தப் பயிற்சியின் குறையைச் சொல்வதானால் அந்த ஒரு "சரி"யிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

கல்லூரியில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்குக் கணினியின் அடிப்படைப் பயன்பாட்டையும் நூலகத்தில் தேடி ஆராயும் முறையையும் கற்றுத் தருவதற்காகக் கணினித் துறையும் நூலகமும் சேர்ந்து நடத்துகிற பயிற்சி இது. வாரத்துக்கு இரண்டு அமர்வுகள், ஓர் அமர்வுக்கு இரண்டு மணி நேரம் என்று மொத்தம் 12 அமர்வுகள். அவற்றில் ஆறு கணினி ஆய்வகத்திலும் ஆறு நூலகத்திலும் நடைபெற்றன. முதலாண்டு மாணவர்களின் கட்டுரைகளைத் திருத்துகிறவன் நான். இந்தப் பயிற்சியின் விளைவு கடைசியில் என் மேசைக்குத்தான் வந்து சேர்கிறது என்பதால், அனுமதி கேட்டுக் கடைசி வரிசையில் அமர்ந்து எல்லா அமர்வுகளையும் பார்த்தேன். நூலகப் பகுதி நான் எதிர்பார்த்ததைவிட நன்றாகவும், கணினிப் பகுதி நான் அஞ்சியதைவிடச் சற்று மோசமாகவும் இருந்தன. இரண்டையும் ஒரே பயிற்சி என்று அறிவித்துவிட்டு, ஒருவர் என்ன நடத்துகிறார் என்பதை மற்றவர் அறியாமலே நடத்தியதுதான் இவற்றைவிடப் பெரிய குறை.

கணினிப் பகுதியின் முதல் இரண்டு அமர்வுகள் கணினியின் தலைமுறைகளுக்கே செலவாயின. வெற்றிடக் குழாய், டிரான்சிஸ்டர், ஒருங்கிணைந்த சுற்று என்று வரிசையாகப் படங்கள் ஓடின. ராம், ரோம் ஆகிய நினைவக வகைகளின் பெயர் விரிவாக்கங்களை மாணவர்கள் ஏட்டில் எழுதிக்கொண்டார்கள். வரலாறு தேவையற்றது என்பது என் கருத்தன்று. ஆனால் நான்கு மணி நேரத்தின் முடிவில், தாம் எழுதியதை எங்கே சேமித்தோம் என்று சொல்லத் தெரியாத ஒருவருக்கு வெற்றிடக் குழாயைப் பற்றித் தெரிந்திருப்பதால் என்ன பயன் என்று கேட்காமல் இருக்க முடியவில்லை. மூன்றாம் அமர்வில் எழுத்தைத் தடிப்பாக்குவது, சாய்ப்பது, நிறம் மாற்றுவது ஆகியவை நடத்தப்பட்டன. இவற்றைக் கைப்பேசியிலேயே செய்து பழகியவர்கள் சலிப்புடன் சன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இந்தத் தலைமுறைக்குக் கணினி தெரியும் என்ற நம்பிக்கையும், ஒன்றுமே தெரியாது என்ற நம்பிக்கையும் ஒருசேரத் தவறானவை. கைப்பேசியிலேயே வளர்ந்தவர்களுக்குக் கோப்பு என்ற ஒன்று தனியாக இருப்பதே கண்ணில் படுவதில்லை. படம் படச்செயலியில் இருக்கிறது, பாட்டு பாட்டுச்செயலியில் இருக்கிறது, கட்டுரை வேர்டில் இருக்கிறது. எந்தச் செயலியில் செய்தோமோ அதைத் திறந்தால் செய்தது முன்னால் வந்து நிற்கிறது என்பதே அவர்களுடைய அனுபவம். அந்த மாணவரின் விடை அறியாமையிலிருந்து வந்ததன்று, தாம் கண்ட உலகத்தை அவர் உள்ளபடி சொன்னார். கோப்புக்கு ஓர் இருப்பிடம் உண்டு, கோப்புறைக்குள் கோப்புறை உண்டு, ஒரே கோப்பின் இரண்டு படிகள் இரண்டு இடங்களில் இருந்தால் ஒன்றைத் திருத்துவதால் மற்றொன்று திருந்தாது என்பவற்றை அவர்களுக்கு யாராவது ஒருமுறை உட்கார்ந்து சொல்ல வேண்டும். இந்தப் பாடத்திட்டத்தில் அதற்கென்று ஒரு மணி நேரம்கூட ஒதுக்கப்படவில்லை.

எதிர்பாராத விதமாக நான்காம் அமர்வு வேறு மாதிரி அமைந்தது. பயிற்றுநர் விடுப்பில் இருந்ததால் ஆய்வக உதவியாளர் ஒருவர் வகுப்பை ஏற்றார். அவரிடம் படங்களும் இல்லை, குறிப்புகளும் இல்லை. ஓர் ஆய்வுக் கட்டுரையைப் பதிவிறக்கிக்கொள்ளுங்கள், அதற்குப் பொருத்தமான பெயர் வையுங்கள், பாடத்துக்கென ஒரு கோப்புறை உருவாக்கி அதில் போடுங்கள், பென்டிரைவில் ஒரு படி எடுத்துப் பக்கத்துக் கணினியில் திறந்து காட்டுங்கள், பிறகு அதை மின்னஞ்சலில் இணைத்து எனக்கு அனுப்புங்கள் என்று மட்டும் சொன்னார். எளிய வேலையாகத் தோன்றும். ஆனால் பாதிப்பேர் பதிவிறக்கிய கோப்பைக் கண்டுபிடிக்கவே பத்து நிமிடம் எடுத்துக்கொண்டார்கள். சிலர் கோப்புக்குப் பதிலாக அது இருந்த இணைய முகவரியை அனுப்பினார்கள். ஒருவர் குறுக்குவழிச் சின்னத்தைப் பென்டிரைவில் ஏற்றிக்கொண்டு போய், பக்கத்துக் கணினியில் அது திறக்காததைக் கண்டு திகைத்தார். அந்தத் திகைப்பிலிருந்து தொடங்கி, குறுக்குவழி என்பது வீட்டு முகவரி எழுதிய சீட்டு மட்டுமே, வீடு அன்று என்று உதவியாளர் விளக்கிய இரண்டு நிமிடம், ஆறு அமர்வுகளிலும் மிகச் சிறந்த இரண்டு நிமிடமாக இருந்தது. கோப்பின் பெயரில் ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் தேதியை முன்னால் எழுதினால் பெயர்வரிசையே காலவரிசையாகிவிடும் என்பதையும் அவரே சொன்னார். அடுத்த வாரம் பழைய பயிற்றுநர் திரும்பி வந்து விட்ட இடத்திலிருந்து படங்களைத் தொடர்ந்தார்.

எக்செல் பற்றிய அமர்வைக் குறித்தும் ஒரு குறை உண்டு. கூட்டல், சராசரி ஆகியவற்றுக்கான வாய்பாடுகளைச் சொல்லித் தந்தார்கள், நல்லது. ஆனால் பட்டியலில் ஒரே ஒரு நிரலை (நெடுவரிசையை) மட்டும் தேர்ந்தெடுத்து வரிசைப்படுத்தினால் ஒருவருடைய மதிப்பெண் இன்னொருவருடைய பெயருக்கு எதிரே போய் நிற்கும் என்ற ஆபத்தை யாரும் எச்சரிக்கவில்லை. மென்பொருள் தானாகவே ஒன்றை இன்னொன்றாக ஊகித்துக்கொள்ளும் என்பதையும் சொல்லியிருக்க வேண்டும். சில மரபணுக்களின் குறியீட்டுப் பெயர்களை எக்செல் தேதியாக மாற்றிக்கொண்டே இருந்ததால், மனித மரபணுக்களுக்குப் பெயர் சூட்டும் குழு 2020ஆம் ஆண்டில் அந்தப் பெயர்களையே மாற்ற வேண்டியதாயிற்று. உலகெங்கும் உள்ள ஆய்வாளர்களையே தடுமாற வைத்த செய்தியைக் கேட்டால், எண்ணை உள்ளிட்டபின் ஒருமுறை திரும்பிப் பார்க்கும் பழக்கம் முதலாண்டு மாணவருக்கும் வரும்.

தலைப்புகளுக்குப் பாணி அமைத்து, பொருளடக்கத்தைக் கணினியே உருவாக்கும்படி செய்வதைக் கடைசி அமர்வின் கடைசிப் பத்து நிமிடத்தில் காட்டினார்கள். நான்காண்டுக்குக் கைகொடுக்கும் ஒன்றுக்குப் பத்து நிமிடம், எழுத்து நிறத்துக்கு ஒரு மணி நேரம்! ஒரு கணினிக்கு இருவர் என்று அமர்த்தியதால் ஒருவர் கை எப்போதும் விசைப்பலகையிலும் மற்றவர் கை எப்போதும் மடியிலும் இருந்ததையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

நூலகப் பகுதியின் தரமே வேறு. வழக்கமாகப் புதியவர்களை வரிசையாக அழைத்துச் சென்று, இது குறிப்புதவிப் பகுதி, இது இதழ்ப் பகுதி என்று சுற்றிக் காட்டுவார்கள். இங்கே நூலகர் அதைச் செய்யவில்லை. வாசலிலேயே ஒவ்வொருவர் கையிலும் ஓர் எண் எழுதிய சீட்டைக் கொடுத்து, அந்த எண்ணுள்ள நூலை எடுத்துக்கொண்டு வாருங்கள் என்று அனுப்பிவிட்டார். கால் மணி நேரத்தில் ஒரு மாணவி வெறுங்கையுடன் திரும்பி, 330.12 என்ற நூல் இல்லை, 330.9 முடிந்ததும் அடுத்த எண் தொடங்கிவிடுகிறது என்றார். நூலகர் இதற்காகவே காத்திருந்தவர்போல் எல்லோரையும் அந்த அலமாரி முன் கூட்டினார். புள்ளிக்குப் பிறகு வருவது பன்னிரண்டு அன்று, ஒன்றும் இரண்டும்; ஆகவே 330.12 என்பது 330.9க்கு வெகுதூரம் முன்னாலேயே நிற்கும் என்று விரலால் தொட்டுக் காட்டினார். மெல்வில் டூயி 1876இல் வெளியிட்ட இந்தத் தசம வகைப்பாடு அறிவு முழுவதையும் பத்து வகுப்புகளாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் மேலும் பத்தாகப் பிரித்துக்கொண்டே போகிறது என்பதை மாணவர்கள் அதற்குப் பிறகுதான் கேட்டார்கள். தேவை ஏற்பட்ட பிறகு கேட்டதால் நன்றாகவே கேட்டார்கள். 300 சமூக அறிவியல், அதற்குள் 330 பொருளியல் என்று அவர் இறங்கி வந்தார். அதே வகைப்பாட்டில் தமிழ் இலக்கியம் 894.811 என்ற நீண்ட எண்ணுக்குள் ஒதுங்கி நிற்பதை ஒரு மாணவர் சுட்டிக்காட்ட, ஆங்கில இலக்கியத்துக்கு 820 என்ற குறுகிய எண் போதுமாக இருப்பது ஏன் என்ற விவாதம் பத்து நிமிடம் நடந்தது. பாடத்திட்டத்தில் இல்லாத அந்தப் பத்து நிமிடத்தை நூலகர் தடுக்கவில்லை. வகைப்படுத்துகிறவர் எங்கிருந்து பார்க்கிறார் என்பது வகைப்பாட்டில் தெரியும் என்று மட்டும் சொன்னார்.

எடுத்து வந்த நூலுக்கு இடப்பக்கமும் வலப்பக்கமும் உள்ள இரண்டு நூல்களைப் பார்த்து ஒரு வரி எழுதச் சொன்னது இன்னொரு நல்ல பயிற்சி. திரையில் தேடுகிறவருக்குக் கேட்டது மட்டுமே கிடைக்கும். அலமாரியில் தேடுகிறவருக்குக் கேட்கத் தெரியாததும் பக்கத்திலேயே கிடைக்கும். நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். அரங்கநாதன் 1931இல் வகுத்த ஐந்து விதிகளில் வாசகரின் நேரத்தைச் சேமிக்க வேண்டும் என்பது நான்காவது. பொருள் ஒத்த நூல்கள் அருகருகே நிற்பது அழகுக்காக அன்று, அந்த விதிக்காகத்தான் என்பதை மாணவர்கள் தாங்களாகவே உணர்ந்துகொண்டார்கள்.

தேடல் பற்றிய இரண்டு அமர்வுகள்தாம் இந்தப் பயிற்சியின் உயிர். சமூக ஊடகம் என்று தலைப்பு எடுத்துக்கொண்ட மாணவரிடம், அதைப் பற்றி உங்களுக்கு என்ன தெரிய வேண்டும் என்று நூலகர் கேட்டார். "எல்லாம்" என்றார் மாணவர். எல்லாவற்றையும் தேடினால் எல்லாமே வரும் என்று சொல்லிவிட்டு, யாரைப் பற்றி, எந்த விளைவைப் பற்றி, எந்தச் சூழலில் என்று மூன்று நிரல்கள் வரையச் சொன்னார். கல்லூரி மாணவர், தூக்கம், இரவில் கைப்பேசி என்று தலைப்பு சுருங்கியது. ஒவ்வொரு நிரலிலும் அதே பொருளைத் தரும் வேறு சொற்களை எழுதி, ஒரே நிரலுக்குள் இருப்பவற்றை "அல்லது" என்ற இணைப்பாலும், நிரல்களுக்கிடையே "மற்றும்" என்ற இணைப்பாலும் கட்ட வேண்டும் என்று காட்டினார். "அல்லது" வலையை விரிக்கும், "மற்றும்" வலையைச் சுருக்கும் என்ற ஒரு வாக்கியத்தில் அதை முடித்தார். கணிதவியலாளர் ஜார்ஜ் பூல் 1854இல் வெளியிட்ட நூலில் விரித்துரைத்த தருக்கம் இன்று நம் தேடல் பெட்டிக்குள் இருப்பதை ஒரு பக்கக்குறிப்பாக மட்டுமே சேர்த்தார். "இல்லை" என்ற இணைப்பை அஞ்சி அஞ்சிப் பயன்படுத்துங்கள், அது வேண்டாததோடு வேண்டியதையும் வாரிக்கொண்டு போய்விடும் என்ற எச்சரிக்கையும் சரியானதே.

தமிழில் தேடுவதைப் பற்றி அவர் சொன்னவை எனக்கும் புதியவை. "நூலகம்" என்று தேடினால் "நூலகத்தில்", "நூலகங்கள்" என்ற சொற்கள் உள்ள பக்கங்கள் பல தரவுத்தளங்களில் வந்து சேரமாட்டா. வேற்றுமை ஏறும்போது சொல்லின் ஈறே மாறிவிடுகிறது. ஆகவே "நூலக" என்று நிறுத்தி அதற்குப் பின்னால் நட்சத்திரக் குறி இட வேண்டும். இதே உத்தியை "மரம்" என்ற சொல்லுக்குப் பயன்படுத்தி "மர" என்று நிறுத்தினால் மரபும் மரணமும் சேர்ந்து வந்து நிற்கும் என்று அவர் செய்து காட்டியபோது வகுப்பு முதன்முறையாக வாய்விட்டுச் சிரித்தது. ஒருங்குறிக்கு (யூனிகோடு என்ற பொதுக் குறியீட்டு முறைக்கு) முந்திய எழுத்துருக்களில் தட்டச்சு செய்யப்பட்ட கோப்பு கண்ணுக்குத் தமிழாகத் தெரிந்தாலும் கணினிக்கு அது வேறு எழுத்துகளின் குவியலே. படமாக வருடி ஏற்றிய பக்கமோ எழுத்தே இல்லாத படம். இவ்விரண்டும் நம் தேடலில் சிக்கா. தேடி வரவில்லை என்பதற்கும் இல்லை என்பதற்கும் உள்ள வேறுபாட்டை இதைவிடத் தெளிவாக யாரும் விளக்கி நான் கேட்டதில்லை. ரோமன் எழுத்தில் தமிழ்ப் பெயர்களைப் பதிந்துள்ள நூலகப் பட்டியல்களில் ழகரம் எத்தனை வேடம் போடுகிறது என்பதையும், தலைப்பெழுத்து முன்னும் பின்னும் இடம் மாறுவதையும் பத்து நிமிடத்தில் காட்டி, ஆசிரியர் பெயரில் கிடைக்காவிட்டால் நூற்பெயரின் ஒரு சொல்லைக் கொண்டு முயலுங்கள் என்றார். வேர்டில் ஒருங்குறியில் தட்டச்சு செய்வதைக் கணினிப் பகுதியில் கற்றுத் தந்திருந்தால் இந்த இடத்தில் எவ்வளவு உதவியிருக்கும்! மூன்று பேர் தமிழில் தட்டச்சு செய்யத் தெரியாமல் பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

தகவலின் நம்பகத்தன்மையை எடைபோடும் அமர்வில் மட்டும் நூலகரோடு நான் உடன்படவில்லை. இணையப் பக்கம் ஒன்றைப் பார்த்ததும் எழுப்ப வேண்டிய 12 கேள்விகளைப் பட்டியலிட்டுத் தந்தார். ஆசிரியர் பெயர் உண்டா, தேதி உண்டா, மொழி நடுநிலையாக உள்ளதா என்று அது நீண்டது. ஏமாற்ற விரும்புகிறவர் இந்த 12 கேள்விகளுக்கும் ஏற்றபடி தம் பக்கத்தை அழகாகவே அமைத்துக்கொள்வார். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், வரலாற்றறிஞர்கள் 10 பேரும், தொழில்முறை உண்மை சரிபார்ப்பாளர்கள் 10 பேரும், இளநிலை மாணவர்கள் 25 பேரும் ஒரே பக்கங்களை மதிப்பிட்டார்கள். அறிஞர்கள் உட்படப் பலரும் பக்கத்துக்குள்ளேயே மேலும் கீழும் படித்து ஏமாந்தார்கள். சரிபார்ப்பாளர்களோ விரைவில் அந்தப் பக்கத்தை விட்டு வெளியேறி, அதை நடத்துகிறவர் யார் என்று வேறிடங்களில் தேடி, குறைந்த நேரத்தில் சரியான முடிவுக்கு வந்தார்கள். முன்பின் தெரியாதவரைப் பற்றி அக்கம்பக்கத்தில் விசாரிப்பதற்கு ஒப்பான செயல் இது. கேள்விப் பட்டியலை மனப்பாடம் செய்ய வைப்பதைவிட இந்த ஒரு பழக்கத்தை ஏற்படுத்தினால் போதும். அதே அமர்வின் பிற்பகுதி இந்தக் குறையை ஓரளவு ஈடு செய்தது. தடுப்பூசிக்கும் ஆட்டிசத்துக்கும் தொடர்பு கற்பித்து 1998இல் தி லான்செட் என்ற மருத்துவ இதழில் வெளிவந்த கட்டுரையை அவர் எடுத்துக் காட்டினார். புகழ்பெற்ற இதழ், துறையறிஞர் மதிப்பாய்வு, ஆசிரியர் பெயர்கள் எல்லாம் இருந்தும் அது 2010இல் திரும்பப் பெறப்பட்டது என்பதைக் கண்டபோது, அச்சான கட்டுரையையும் மேலே தேடிப் பார்க்க வேண்டும் என்பது மாணவர்களுக்குப் புரிந்தது.

செயற்கை நுண்ணறிவுக் கருவிகளைப் பற்றி 24 மணி நேரத்தில் சொல்லப்பட்டது ஒரே வாக்கியம்: பயன்படுத்தாதீர்கள். சொன்னவர் கணினிப் பயிற்றுநர். அப்போது வகுப்பில் இருந்த திரைகளில் குறைந்தது நான்கில் அத்தகைய கருவி திறந்தே இருந்தது. இல்லாத நூலுக்கு ஆசிரியர், ஆண்டு, பக்க எண் எல்லாவற்றையும் பிழையற்ற வடிவத்தில் அக்கருவிகள் தரக்கூடும் என்பதை நேரில் காட்டாமல் தடை விதிப்பதில் பொருள் இல்லை. நியூயார்க்கில் 2023ஆம் ஆண்டு வழக்கறிஞர்கள் அப்படிப் பெற்ற கற்பனைத் தீர்ப்புகளை நீதிமன்றத்தில் சமர்ப்பித்து அபராதம் கட்டினார்கள். கருவியிடம் ஐந்து மேற்கோள் நூல்களைக் கேட்டு வாங்கி, ஒவ்வொன்றையும் நூலகப் பட்டியலில் தேடி, எவை உண்மையில் உள்ளன என்று எழுதி வரச் சொல்லியிருந்தால் ஒரு மணி நேரத்தில் முடிந்திருக்கும். கணினிப் பகுதியும் நூலகப் பகுதியும் கைகோக்கவும் அது ஒரு வாய்ப்பாக அமைந்திருக்கும்.

மேற்கோள் குறிப்பிடும் முறையைப் பற்றிய அமர்வு சுமாரானது. மேற்கோள் விவரங்களைத் திரட்டித் துணைநூற்பட்டியல் அமைத்துத் தரும் ஜோட்டெரோ என்ற இலவச மென்பொருளை அறிமுகப்படுத்தியது பாராட்டத்தக்கது. ஆனால் அது தளங்களிலிருந்து எடுத்துக்கொள்ளும் விவரங்கள் பிழையாக இருந்தால் துணைநூற்பட்டியலும் பிழையாகவே வரும் என்பதை இன்னும் அழுத்திச் சொல்லியிருக்கலாம். பிறர் எழுத்தோடு உள்ள ஒப்புமையைச் சோதிக்கும் மென்பொருள் தரும் விழுக்காடு தீர்ப்பு அன்று, முறையாக மேற்கோள் குறியிட்ட வரிகளையும் அது எண்ணிவிடக்கூடும் என்று சொன்னது பல மாணவர்களின் அச்சத்தைத் தீர்த்தது.

மதிப்பீட்டு முறையிலும் இரண்டு பகுதிகளின் வேறுபாடு பளிச்சென்று தெரிந்தது. கணினிப் பகுதிக்கு 40 கொள்குறி வினாக்கள். அவற்றில் ஒன்றுக்குக்கூட விசைப்பலகையைத் தொட வேண்டியிருக்கவில்லை. நூலகப் பகுதிக்கு ஒரு தேடல் குறிப்பேடு: எந்தச் சொல்லால் தேடினேன், என்ன கிடைத்தது, ஏன் சொல்லை மாற்றினேன், எந்தக் கட்டுரையை ஏன் ஒதுக்கினேன் என்று ஒவ்வொரு நாளும் எழுத வேண்டும். வெற்றி பெற்ற தேடலைவிடத் தோற்ற தேடலை நன்றாக விளக்கியவருக்கு மதிப்பெண் கூடுதல் என்று அறிவித்ததால், யாரும் எதையும் மறைக்கவில்லை. அந்தக் குறிப்பேடுகளில் சிலவற்றை வாங்கிப் படித்தேன். முதல் பக்கத்தில் ஒரு சொல் தேடல்களும், கடைசிப் பக்கங்களில் ஒரு கட்டுரையின் மேற்கோள் பட்டியலைப் பிடித்துக்கொண்டு அதற்கு முந்திய கட்டுரைகளுக்குப் போன தடங்களும் இருந்தன.

வீட்டிலிருந்தபடி தரவுத்தளங்களுக்குள் நுழைவதற்கான பயனர் பெயரும் கடவுச்சொல்லும் மாணவர்களுக்கு ஒன்பதாம் அமர்வு முடிந்த பிறகுதான் வழங்கப்பட்டன. அதுவரை வளாகத்துக்குள் திறந்த கட்டுரைகள் வீட்டில் பணம் கேட்டு நின்றதைக் கண்டு, தாம் ஏதோ தவறு செய்கிறோம் என்று பலர் எண்ணிக்கொண்டார்கள். அலுவலகத்தில் ஒரு பட்டியலைத் தயாரிக்கச் சோம்பியதன் விலை இது.

பயிற்சிக்குப் பிறகு என்னிடம் வந்த கட்டுரைகளில் துணைநூற்பட்டியல்கள் திருந்தியிருக்கின்றன. இணைய முகவரிகளை மட்டும் அடுக்கிய பட்டியல் அரிதாகிவிட்டது. ஆய்விதழ்க் கட்டுரைகளும் நூல்களும் வருகின்றன. இரண்டு கருத்துகள் முரண்படும் இடத்தைச் சிலர் தாமாகவே எடுத்துச் சொல்கிறார்கள். ஆனால் அந்தக் கட்டுரைகள் "புதிய ஆவணம் 3" என்ற பெயரிலேயே இன்னும் வருகின்றன. பொருளடக்கத்தில் புள்ளி புள்ளியாகக் கையால் தட்டி நிரப்பிய வரிகள் வேறொரு கணினியில் திறந்ததும் கலைந்து போகின்றன.

சேர எண்ணும் மாணவர்களுக்கு என் பரிந்துரை: சேருங்கள், நூலக அமர்வுகளில் ஒன்றையும் தவறவிடாதீர்கள், தேடல் குறிப்பேட்டைப் பயிற்சி முடிந்த பின்னும் தொடருங்கள். முதல் வாரமே நூலக அலுவலகத்துக்குப் போய்த் தரவுத்தளக் கடவுச்சொல்லைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கணினி அமர்வுகளில் விசைப்பலகைக்கு நேரே உள்ள நாற்காலியைப் பிடியுங்கள். நடத்துகிறவர்களுக்கு ஒரே வேண்டுகோள்: அடுத்த ஆண்டு கணினித் தலைமுறைகளுக்கான நான்கு மணி நேரத்தையும் அந்த ஆய்வக உதவியாளரிடம் கொடுத்துவிடுங்கள், நூலகரையும் அதே அறையில் உட்கார வையுங்கள்.